பேட்டரியை மாற்றும் முன்: வயர்லெஸ் மவுஸின் மின் விரயமும் சுணக்கமும்

மணிமுத்தாறு அணையடியிலிருந்து கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று தாமிரபரணிப் பக்கத்து ஊர்கள் எதை எடுத்தாலும், கணினியைத் தொடாமல் ஒரு குடும்பத்தின் காரியம் முடிவதில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில்தான் விண்ணப்பிக்கிறோம். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. அரசு வேலைத் தேர்வுக்கு ஒருமுறைப் பதிவும் அப்படித்தான். இந்த வேலைகளில் கையோடு இருப்பது பெரும்பாலும் ஒரு மலிவான வயர்லெஸ் மவுஸ். அதைப் பற்றி இரண்டு குறைகளை எல்லா இடத்திலும் கேட்கலாம். ‘பேட்டரி ஒரு மாசங்கூட நிக்க மாட்டேங்கு’ என்பது ஒன்று. ‘கர்சர் இழுத்து இழுத்துப் போகுது’ என்பது மற்றொன்று. இரண்டுக்கும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: புது பேட்டரி போடு, சரியாகாவிட்டால் புது மவுஸ் வாங்கு. இந்தப் பதில் பாதி நேரம் பணத்தை வீணாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பேட்டரி சீக்கிரம் தீர்வதும் கர்சர் சுணங்குவதும் பல சமயம் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். அந்தக் கோளாறு மவுஸுக்குள் இருப்பதைவிட, மவுஸ் நகரும் மேசையிலும் அதன் ரிசீவரைச் செருகிய இடத்திலும் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இதைப் புரிந்துகொள்ள மவுஸ் எங்கே மின்சாரத்தைச் செலவழிக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் இடம், அடிப்பக்கத்து ஓட்டை வழியே மேசையைப் பார்க்கும் சென்சார். ஒரு சிறு விளக்கு பரப்பை வெளிச்சமாக்க, உள்ளே இருக்கும் குட்டிக் கேமரா இடைவிடாமல் படம் எடுக்கிறது. அடுத்தடுத்த படங்களில் மேசையின் நுண்ணிய சொரசொரப்பு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை வைத்துக் கை நகர்ந்த திசையையும் தூரத்தையும் கணிக்கிறது. 1999இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் நொடிக்கு 1,500 படங்கள் எடுத்தது; பின்னால் வந்தவை அதையும் தாண்டின. இரண்டாவது இடம் ரேடியோ. சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை, தன் நகர்வை ரிசீவருக்குச் சொல்கிறது. ரிசீவர் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பும். பதில் வராவிட்டால் மவுஸ் அதே செய்தியைத் திரும்ப அனுப்பும். தொடர்ந்து பதில் இல்லையென்றால் வேறு அலைவரிசைக்கு மாறி ரிசீவரைத் தேடும். கையை எடுத்ததும் சென்சாரும் ரேடியோவும் படிப்படியாக உறக்கத்துக்குப் போகும். பேட்டரி நீடிப்பதெல்லாம் இந்த உறக்கத்தின் புண்ணியம்தான்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். நல்ல அல்கலைன் டபுள் ஏ பேட்டரி ஒன்று, குறைந்த மின்னோட்டத்தில் ஏறத்தாழ 2,500 மில்லி ஆம்பியர்-மணி தரும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அட்டைப்பெட்டியில் ‘12 மாதம்’ என்று அச்சிட்டிருந்தால், சராசரியாக 0.3 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே அந்த மவுஸ் இழுக்க வேண்டும். நாளில் பெரும்பகுதி உறங்கினால்தான் அது முடியும். உதாரணத்துக்கு, ஒரு மவுஸ் இயங்கும்போது 5 மில்லி ஆம்பியரும் உறங்கும்போது 0.05 மில்லி ஆம்பியரும் இழுக்கிறது என்று கொள்வோம். நாளுக்கு ஆறு மணி நேரம் வேலை செய்தால் 31 மில்லி ஆம்பியர்-மணி செலவு; பேட்டரி 80 நாள் வரும். திரும்பத் திரும்ப அனுப்புவதாலும் சென்சார் திணறுவதாலும் இழுப்பு 8 மில்லி ஆம்பியராக ஏறி, உறங்கவேண்டிய நேரத்தில் நான்கு மணி நேரம் விழித்தே கிடந்தால், அதே பேட்டரி ஏறத்தாழ 31 நாளில் தீர்ந்துவிடும். மவுஸ் அதேதான், பேட்டரியும் அதேதான். சூழல் மட்டும் மாறியிருக்கிறது. செய்தி திரும்பத் திரும்பப் போகும் அதே வேளையில்தான் கர்சரும் திக்கித் திணறும் என்பதைக் கவனிக்க வேண்டும். வாய்க்கால் கரையில் உடைப்பு இருக்கும்போது மடையை அகலத் திறந்துவிட்டால் கடைமடை வயல் நிறையாது. உடைப்பை அடைக்காமல் புது பேட்டரி போடுவதும் அப்படித்தான்.

பேட்டரியே காரணமாக இருக்கக்கூடாதா என்ற கேள்வி நியாயமானது. இருக்கலாம், அதையும் சோதிக்கத்தான் வேண்டும். கடைகளில் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் என்று கொடுக்கும் மலிவான பேட்டரி பெரும்பாலும் துத்தநாக-கார்பன் வகை. அதன் கொள்ளளவு அல்கலைனில் பாதிகூடத் தேறாது, உள்தடையும் அதிகம். கடிகாரம் துளித்துளியாக இழுப்பதால் அதற்கு அது போதும். மவுஸின் ரேடியோ ஒவ்வொரு முறை பேசும்போதும் சில மில்லிநொடிக்குள் மின்னோட்டம் சட்டென்று ஏறி இறங்குகிறது. அந்தக் கணத்தில் பழைய பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்தால் செய்தி தவறும், கர்சர் துள்ளும். சுணக்கம் பேட்டரியிலிருந்தும் வரலாம் என்பது இதனால் உறுதியாகிறது. ரீசார்ஜ் பேட்டரி போட்டவர்களுக்கு வேறொரு குழப்பம் உண்டு. அந்த நிக்கல் வகையின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைனுக்கு 1.5. அல்கலைனை மனதில் வைத்து அமைத்த பேட்டரி அளவு மானி, முழுதாகச் சார்ஜ் ஏறிய நிக்கல் பேட்டரியைக்கூடப் பாதி தீர்ந்ததாகக் காட்டும். அந்த எச்சரிக்கையை நம்பி நல்ல பேட்டரியைக் கழற்றத் தேவையில்லை. ஆகவே புது அல்கலைன் போட்டுப் பார்ப்பது சரியான முதல் சோதனைதான். அதோடு விசாரணையை முடித்துவிடுவதுதான் தவறு. புது பேட்டரியில் இரண்டு வாரம் நன்றாக ஓடி மறுபடியும் இழுக்கத் தொடங்கினால், குறை பேட்டரியில் இல்லை என்று அந்த இரண்டு வாரமே சாட்சி சொல்கிறது.

சுணக்கம் என்று ஒரே பெயரால் சொல்லும் தொல்லைகள் உண்மையில் நான்கு வகை. அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு மவுஸைத் தொட்டதும் முதல் அசைவு மட்டும் தாமதமானால், அது உறக்கத்திலிருந்து எழும் நேரம். பேட்டரியைக் காக்கும் ஏற்பாடு, குறையே இல்லை. கை சீராகப் போக, கர்சர் நின்று நின்று தாவினால் ரேடியோவைச் சந்தேகிக்க வேண்டும். கை அசையாமல் இருக்கும்போதே கர்சர் நடுங்கினாலோ, ஒரு திசையில் மட்டும் நகர மறுத்தாலோ, மேசைப் பரப்பையும் சென்சார் ஓட்டையில் சிக்கிய தூசு, முடியையும் பார்க்க வேண்டும். கர்சரோடு சேர்ந்து விசைப்பலகையும் திரையும் உறைந்தால் மவுஸுக்குச் சம்பந்தமே இல்லை, கணினி திணறுகிறது. சந்தேகம் இருந்தால் ஒயர் வைத்த மவுஸ் ஒன்றைச் செருகிப் பார்த்தால் போதும். அதிலும் அதே சுணக்கம் இருந்தால், வயர்லெஸ் மவுஸை மாற்றி ஒரு பைசா பலன் இருக்காது.

ரேடியோவின் கதை சற்று விரிவாகப் பார்க்க வேண்டியது. வயர்லெஸ் மவுஸ்கள் ஏறக்குறைய எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசுகின்றன. குறைந்த திறனில் இயங்கும் கருவிகள் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் இயங்க இந்தியாவில் 2005இல் விதி வந்தது. உரிமம் வேண்டாம் என்பதால் எல்லோரும் அங்கேயே கூடிவிட்டார்கள்: வைஃபை, புளூடூத், வயர்லெஸ் விசைப்பலகை, மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு உட்பட. இந்தப் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வைஃபை தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே. கடைவீதியில் அடுத்தடுத்த மூன்று கடைகளின் ரவுட்டர்கள் அந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் மவுஸுக்கு மிஞ்சுவது இண்டு இடுக்குகள்தான். இதைவிட அருகில் ஒரு எதிரி உண்டு. அதைக் கண்டுகொள்பவர்கள் குறைவு. 2012 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, யூ.எஸ்.பி. 3.0 இணைப்பில் ஓடும் நொடிக்கு 5 ஜிகாபிட் தரவே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலாகக் கசிகிறது என்று அளந்து காட்டியது. யூ.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க் ஒன்றை இணைத்ததும் பின்னணி இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல் உயர்ந்தது. ஆற்றலில் அது நூறு மடங்கு. உள்ளே நீல நிறமாகத் தெரியும் போர்ட்டில் டிஸ்க்கைச் செருகி, பக்கத்துப் போர்ட்டில் மவுஸ் ரிசீவரையும் செருகினால், கோப்பு நகலெடுக்கும் நேரத்தில் கர்சர் இழுப்பதற்குக் காரணம் இதுதான். அந்த ஆய்வில் சோதித்த கருவிகளில் வயர்லெஸ் மவுஸும் ஒன்று.

இதற்கான தீர்வு மிகவும் மலிவு. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ரிசீவரைச் சி.பி.யூ.வின் பின்பக்கத்தில் செருகிவிடுகிறார்கள். சி.பி.யூ. மேசைக்கு அடியில் இருக்கும். அதன் கூடு இரும்பு. மேசையும் பல அலுவலகங்களில் இரும்புதான். 12 சென்டிமீட்டர் அளவே அலைநீளம் கொண்ட இந்த அலை இரும்புத் தகட்டை ஊடுருவாது. சுற்றி வளைந்தும் எதிரொலித்தும் வந்து சேர்வதை வைத்துத்தான் மவுஸ் பிழைக்கிறது. நடுவில் பயனரின் காலோ தண்ணீர்க் குடமோ இருந்தால் நீர் இன்னும் கொஞ்சத்தை விழுங்கும். ஒரு யூ.எஸ்.பி. நீட்டிப்பு ஒயரை வாங்கி, ரிசீவரை மேசைமேல் கொண்டுவந்து, மவுஸிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில், இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லாமல் வைத்தால் போதும். செய்தி முதல் முறையே போய்ச் சேரும், திரும்ப அனுப்பும் செலவு குறையும், கர்சரும் சீராகும். மடிக்கணினியில் டிஸ்க்கை ஒரு பக்கத்துப் போர்ட்டிலும் ரிசீவரை மறுபக்கத்துப் போர்ட்டிலும் செருகுவதே பெரிய வித்தியாசம் தரும். ரிசீவர் இல்லாத புளூடூத் மவுஸுக்கு வேறு வழி. மடிக்கணினிக்குள் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சில்லில், ஒரே ஆன்டெனாவை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் புளூடூத்துக்கு வழி விடும். நெரிசலான தடங்களைத் தவிர்த்துத் தாவும் திறன் புளூடூத்துக்கு 2003இலேயே வந்துவிட்டது. ஆனால் தாவுவதற்கு இடம் காலியாக இருந்தால்தான் அந்தத் திறன் உதவும்.

அடுத்து மேசைப் பரப்பு. அரசு அலுவலகமானாலும் ஜெராக்ஸ் கடையானாலும் மேசைமேல் கண்ணாடி போட்டு, அதன்கீழ் சாமி படமும் காலண்டரும் தொலைபேசி எண்களும் வைப்பது வழக்கம். மவுஸின் லென்ஸ் தெளிவாகப் பார்க்கும் தூரம் பல சென்சார்களில் 2.4 மில்லிமீட்டர் அளவுதான். 5 மில்லிமீட்டர் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் படம் அதற்கு மங்கலாகத் தெரியும். கண்ணாடியின் மேல்பரப்போ வழவழப்பு, பிடித்துக்கொள்ள அடையாளம் இல்லை. சென்சார் வெளிச்ச நேரத்தை நீட்டிப் பார்க்கும். தெரியாத அசைவைத் தெரிந்ததாக எண்ணிக்கொண்டு உறங்காமல் விழித்திருக்கும். கறுப்பு ரெக்சின், பளபளக்கும் கிரானைட் ஆகியவற்றிலும் இதே சிக்கல்தான். 2009இல் லாஜிடெக், 4 மில்லிமீட்டருக்குக் குறையாத கண்ணாடியிலும் ஓடும் மவுஸ்களைக் கொண்டுவந்தது உண்மை. அவை விலை கூடியவை. சாதாரண மவுஸுக்குச் சொரசொரப்பான வெள்ளைத்தாள் ஒன்றே போதுமான மருந்து. பளபளப்பில்லாத பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தை வெட்டி வைத்து ஒரு நாள் வேலை பார்த்தாலே, குறை மேசையிலா மவுஸிலா என்று தெரிந்துவிடும். அதற்கு முன் மவுஸைத் திருப்பி, சென்சார் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை முடி கேமராவின் கண்முன் ஆடிக்கொண்டே இருக்கும். கர்சர் நடுங்குவதற்கும் சென்சார் உறங்காமல் கிடப்பதற்கும் அது ஒன்றே போதும்.

உறக்கத்தோடு தொடர்புடைய வேறு இரண்டு சிக்கல்களும் உண்டு. மடிக்கணினிப் பையில் மவுஸை அணைக்காமல் போட்டு, மணிமுத்தாறிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனால், பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலிலும் அது எழும். எழுந்து ரிசீவரைத் தேடும், கணினி அணைந்திருப்பதால் பதில் வராது, இன்னும் தேடும். அடிப்பக்கத்தில் சிறு சுவிட்ச் வைத்திருப்பது இதற்காகத்தான். அதைத் தொடாமலே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துபவர்கள் பலர். இரண்டாவது, கணினியின் சிக்கன அமைப்பு. மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் யூ.எஸ்.பி. போர்ட்டையே அணைத்துவைக்கும்; அப்போது மவுஸ் விழித்தாலும் ரிசீவர் விழிப்பதற்கு நேரமாகும். டிவைஸ் மேனேஜரில் யூ.எஸ்.பி. ஹப்புக்கு உள்ள மின்சேமிப்புக் குறியை எடுத்துவிட்டால் இந்தத் தாமதம் போகும். மடிக்கணினியின் பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். விளையாட்டுக்கு என்று விற்கும் மவுஸ்களில் நொடிக்கு 1,000 முறை செய்தி அனுப்பும் வசதி இருக்கும். விண்ணப்பம் நிரப்புபவருக்கு அதனால் பலனில்லை. செய்தி எட்டு மடங்கு, செலவும் அதற்கேற்றபடி. 125க்குக் குறைத்துக்கொள்வதே நல்லது.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு மறுப்பையும் பார்த்துவிட வேண்டும். மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்கள் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறுபவற்றில் சேரும். மழையும் பனிமூட்டமும் அலையை விழுங்குவதால்தான் மவுஸ் சுணங்குகிறது என்று சொல்வோர் உண்டு. மழை ரேடியோ அலையைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளிலும் கிலோமீட்டர் கணக்கான தூரத்திலும் கணக்கில் வரும் விஷயம். 2.4 கிகாஹெர்ட்ஸில், ஒரு மேசையின் அகலத்தில், காற்றின் ஈரம் செய்யும் வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதே இல்லை. ஈரம் கெடுதல் செய்வது வேறு இடத்தில். அல்கலைன் பேட்டரி கசியும்போது வெளிவரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து, ஸ்பிரிங்கின்மேல் வெள்ளைப் பொடியாகப் படிகிறது. அந்தப் பொடி ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். அரித்த முனையில் 10 ஓம் தடை ஏற்பட்டால், 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 0.2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். புது பேட்டரியும் பழையதுபோல் நடந்துகொள்ளும். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீண்ட விடுமுறைக்கு மவுஸைப் பூட்டி வைப்பதானால் பேட்டரியைக் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. வெயில் காலத்துச் சூடு கசிவை விரைவுபடுத்தும்.

சில நூறு ரூபாய் பொருளுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா, புதிது வாங்கினால் தீர்ந்தது என்பார்கள். தீராது என்பதே பதில். அதே கண்ணாடி மேசையில், அதே இரும்புக் கூட்டுக்குப் பின்னால் செருகப்படும் புது மவுஸும் சில வாரங்களில் அதே குறையைக் காட்டும். அப்போது ‘இந்தக் கம்பெனியே சரியில்லை’ என்று மூன்றாவதை வாங்கத் தோன்றும். ஒயர் மவுஸே போதுமே என்ற வாதத்துக்கு வலு அதிகம். அதை முழுதாகவே ஏற்கிறேன். இடம் மாறாத மேசைக் கணினியில் நாள் முழுக்க விண்ணப்பம் நிரப்பும் இடத்தில் ஒயர் மவுஸே சிறந்தது; பேட்டரியும் வேண்டாம், அலைவரிசைச் சண்டையும் இல்லை. ஆனால் புரொஜெக்டர் வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், மடிக்கணினியோடு ஊர் ஊராகப் போகும் களப்பணியாளருக்கும் அந்த யோசனை பொருந்தாது. அவர்களுக்கு வயர்லெஸ் தேவை; தேவைப்படும் இடத்தில் அதைச் சரியாக வைத்துக்கொள்ளும் அறிவும் தேவை.

சோதிக்கும் வரிசை முக்கியம். ஒரே நேரத்தில் பேட்டரியையும் மேசையையும் போர்ட்டையும் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. முதலில் முனைகளைத் துடைத்துப் புது அல்கலைன் போட்டு, போட்ட தேதியை ஒரு துண்டுத்தாளில் எழுதி மூடிக்குள் வைக்க வேண்டும். பிறகு ஓட்டையைச் சுத்தம் செய்து வெள்ளைத்தாளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்து ரிசீவரை நீட்டிப்பு ஒயரில் மேசைமேல் கொண்டுவர வேண்டும். அதன்பின் பக்கத்து டிஸ்க்கைக் கழற்றி, வைஃபையை மாற்றிப் பார்க்கலாம். விண்டோஸ் அமைப்பு இதற்கெல்லாம் பிறகு. இத்தனைக்கும் குறை தீரவில்லையென்றால் அதே மவுஸை வேறொரு கணினியில், வேறொரு அறையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கும் சுணங்கினால்தான் மவுஸைக் குற்றவாளி என்று சொல்ல நியாயம் உண்டு. அடுத்த பேட்டரி போடும் நாளில் மூடிக்குள் இருக்கும் தேதியைப் பார்த்தால், செய்த மாற்றம் பலித்ததா என்பது ஊகத்துக்கு இடமில்லாமல் தெரியும்.

இந்தப் பொறுமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஆகஸ்ட்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தீர்ந்த பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் ஒப்படைத்தன. அவற்றை வீட்டுக் குப்பையில் கலக்காமல் தனியே ஒப்படைக்கும் கடமையைப் பயனர்களுக்கும் விதித்தன. இ-சேவை மையங்களும் பள்ளிக் கணினி ஆய்வகங்களும் ஒரு பழைய டப்பாவை வைத்துத் தீர்ந்தவற்றைச் சேர்க்கத் தொடங்கலாம். அதற்குத் தனி நிதி எதுவும் வேண்டாம். அதைவிட நல்லது, அந்த டப்பா சீக்கிரம் நிரம்பாமல் பார்த்துக்கொள்வது. நீட்டிப்பு ஒயர் ஒன்று, வெள்ளைத்தாள் ஒன்று, மறக்காமல் அணைக்கும் சுவிட்ச் ஆகிய மூன்றும் ஒரு மையத்தில் பழக்கமானால், பேட்டரிச் செலவு குறையும். மவுஸ் பல ஆண்டு உழைக்கும். கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்குக் கர்சர் தாவித் தவறான வரியில் விழும் பயமும் இருக்காது. கணினிப் பயிற்சி கொடுக்கும் ஒவ்வொரு இடமும் தட்டச்சுக்கும் மென்பொருளுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்க வேண்டும். கையில் இருக்கும் கருவி ஏன் தடுமாறுகிறது என்று முறையாகக் கேட்டு விடை காணத் தெரிவதும் கணினிக் கல்வியில் சேர்ந்ததுதான்.